கார்புரேட்டர் மேல் பழி போடாதீர்கள்

பழைய அம்பாசிடரோ, பத்மினியோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்திருந்தவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் பானட்டுக்குள் 'டப்' என்று ஒரு வெடி. ஒரு குலுக்கல். பிறகு மறுபடியும் ஓடும். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு 'டப்'. பின்சீட்டில் இருக்கிற பெரியம்மா "என்னப்பா, செஞ்சிக் கோட்டை பீரங்கி மாதிரி வெடிக்குது?" என்பார்கள். வண்டியை ஓரம் கட்டி பானட்டைத் திறந்தால், அதுவரை எங்கே இருந்தார்களோ, நாலு பேர் வந்துவிடுவார்கள். நாலு பேரும் ஒரே தீர்ப்புதான் சொல்வார்கள்: "கார்புரேட்டர் போச்சு."

இந்தத் தீர்ப்பு பத்துக்கு ஏழு எட்டு முறை தவறு என்பது என் அனுபவம். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மேல்சித்தாமூருக்கு வந்து உட்கார்ந்த பிறகும் யாராவது பழைய வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி "சார், கொஞ்சம் பாருங்க" என்பது நிற்கவில்லை. அப்படி வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல், ஏற்கெனவே யாரோ கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, மாற்றி, கடைசியில் கைவிட்ட வண்டிகள்.

கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது என்பதால் கோளாறு கார்புரேட்டரில் என்று ஆகிவிடாது. ஒருவருக்கு வாய் வழியாக வாந்தி வந்தால் வாய்க்கா வைத்தியம் பார்க்கிறோம்? வயிற்றைத்தானே பார்க்கிறோம். கார்புரேட்டர் என்பது இன்ஜினின் வாய். வெடி அங்கே கேட்கும். காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

கொஞ்சம் பாடம் நடத்தாமல் இதைச் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரும் நான்கு வேலைகளை வரிசையாகச் செய்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்ததை உறிஞ்சுகிறது, அதை அழுத்துகிறது, பிளக் தீப்பொறி போட்டதும் எரிகிறது, எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. உறிஞ்சும்போது உள்வால்வு திறந்திருக்கும். தீ வைக்கும்போது இரண்டு வால்வும் இறுக மூடியிருக்க வேண்டும். அடுப்பைப் பற்றவைக்கும்போது கேஸ் பைப்பின் வாய் திறந்திருந்தால் என்ன ஆகும்? அதே கதைதான். உள்வால்வு திறந்திருக்கிற நேரத்தில் சிலிண்டருக்குள் நெருப்பு இருந்தால், அந்த நெருப்பு வந்த வழியே திரும்பி மேனிஃபோல்டு வழியாகக் கார்புரேட்டருக்கு வந்து வெடிக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். உள்வால்வு திறந்திருக்கிற நேரத்தில் சிலிண்டருக்குள் நெருப்பு எப்படி வந்தது? அதற்கு மூன்று பதில்கள் உண்டு. தீப்பொறி தவறான நேரத்தில் விழுந்திருக்கலாம். வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். அல்லது பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகி, கலவை மெதுவாக எரிந்து, அடுத்த முறை உள்வால்வு திறக்கிற வரை நெருப்பு அணையாமல் இருந்திருக்கலாம். மூன்றாவது பதிலில் மட்டும்தான் கார்புரேட்டருக்குப் பங்கு உண்டு. அதிலும் பாதிப் பங்குதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் முன்னால் கேட்கிறதா, பின்னால் கேட்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்மூரில் இரண்டையும் 'பேக்ஃபயர்' என்றே சொல்லிவிடுகிறோம். சைலன்சரில் வெடிப்பது வேறு. எரியாமல் போன பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய் அங்கே பற்றிக்கொள்வதால் வருவது அது. ஒரு பிளக் வேலை செய்யாவிட்டாலோ, கலவையில் பெட்ரோல் அதிகமானாலோ, சைலன்சர் குழாயில் ஓட்டை விழுந்து காற்று போனாலோ வரும். முன்பக்கம் கார்புரேட்டரில் 'தும்முவது'தான் இன்று நான் பேசுவது.

ஒரு வாடகை அம்பாசிடரைப் பற்றிச் சொல்கிறேன். ஓட்டுபவரே சொந்தக்காரர், அறுபதைத் தாண்டியவர். அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, நடுவில் கல்யாணம் காதுகுத்து என்று அந்த ஒரு வண்டியை வைத்தே பிழைப்பு. ஆள் ஏறாமல் ஓட்டினால் வண்டியில் ஒரு குறையும் இருக்காது. ஐந்தாறு பேர் ஏறி, மேடு கண்டு, மூன்றாவது கியரில் மிதித்தால் 'டப் டப்' என்று கார்புரேட்டரில் வெடிக்கும். விடியற்காலையில் இன்னும் அதிகம். இரண்டு கார்புரேட்டர் மாற்றியாகிவிட்டது. மூன்றாவதும் மாட்டி, அதே வெடி. கடைசியில் ஒருவர், "எடைக்குப் போட்டுடு" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் என்னிடம் வந்தார். "மூணாவது கார்புரேட்டர் சார் இது. இனிமேட்டு எங்கிட்ட பணமும் இல்ல, தெம்பும் இல்ல" என்றார்.

அவர் சொன்னதிலேயே விடை இருந்தது. பாரம் ஏறினால் வெடிக்கிறது, பனி ஈரத்தில் அதிகம் வெடிக்கிறது. இரண்டும் மின்சாரக் கசிவின் அடையாளம். "சாயங்காலம் இருட்டின பிறகு வாங்க" என்றேன். இருட்டில் பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தோம். மூடியின் மேல் நீல நிறத்தில் சின்னப் பூச்சி ஊர்வது மாதிரி தீப்பொறி ஓடியது. மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், ஒன்றாம் நம்பர் வயர் மாட்டும் இடத்திலிருந்து மூன்றாம் நம்பருக்குத் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. புது மூடி போட்டோம். வெடி நின்றது.

ஏன் ஒன்றிலிருந்து மூன்றுக்கு? அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு மூன்றுக்கும் தீப்பொறி விழுகிற வரிசை 1, 3, 4, 2. ஒன்றாம் சிலிண்டரில் தீ விழ வேண்டிய அதே நேரத்தில், மூன்றாம் சிலிண்டர் பெட்ரோல் கலவையை உறிஞ்சி முடித்து, அழுத்த ஆரம்பிக்கும் நிலையில் இருக்கும். உள்வால்வு இன்னும் முழுதாக மூடியிருக்காது. பாரம் ஏறும்போது ஒன்றாம் சிலிண்டரில் அழுத்தம் அதிகம். அங்கே தீப்பொறி குதிப்பது கஷ்டம். மூன்றில் அழுத்தம் குறைவு. அங்கே குதிப்பது சுலபம். மின்சாரம் சுலபமான வழியைத் தேடி விரிசல் வழியாக மூன்றுக்குப் போய்விடுகிறது. அங்கே வாய் திறந்த சிலிண்டர், உள்ளே புதுக் கலவை. 'டப்.' பிளக் வயர்களை மாற்றி மாட்டினாலும் இதே வெடி வரும். இதற்குக் கார்புரேட்டர் என்ன செய்யும், பாவம்?

ஆகவே என் வரிசையில் முதல் இடம் எப்போதும் தீப்பொறிக்குத்தான். பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக ஒரு பழைய துணியில் வைத்துப் பாருங்கள். நுனி பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் பற்றவில்லை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்த ஒரு சிலிண்டரைத்தான் பார்க்க வேண்டும். பிறகு மூடி, ரோட்டர், வயர்கள், அவை மாட்டியிருக்கும் வரிசை. பிறகு பாயிண்ட். லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி சுமார் 15 தவ், அதாவது ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர். பாயிண்ட் தேய்ந்து இடைவெளி குறைந்தால் தீப்பொறி தாமதமாக விழும். கூடினால் முன்னதாக விழும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் டைமிங் தானாகவே நகர்ந்துகொண்டே இருக்கும். இதற்கெல்லாம் வேண்டிய கருவிகள் ஒரு ஃபீலர் கேஜ், ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்பு, ஒரு ஸ்க்ரூ டிரைவர். இந்த மின்சாரச் சாமான்கள் நமக்கு எட்டாத ஊரிலிருந்து வந்தவையும் அல்ல. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். ஆலையில் செய்த காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும்தான் நம் சாலைகளில் எத்தனையோ வருஷம் ஓடின.

இரண்டாவது இடம் வால்வுக்கு. இதைச் சத்தத்தின் தாளத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஒழுங்கில்லாமல், எப்போதாவது வெடித்தால் தீப்பொறி அல்லது பெட்ரோல். கடிகாரம் மாதிரி ஒரே சீராகத் 'துப்... துப்... துப்...' என்று வந்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரின் உள்வால்வைச் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே மடத்துத் தேர்த் திருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்து நயினார் குடும்பங்கள் வருவார்கள். ஒரு வருஷம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் பத்மினியில் வந்திருந்தது. அப்பா ஓட்டிய வண்டி என்று மகன் பிரியமாக வைத்திருந்தார். புதிதாக ஹெட்டைக் கழற்றி வேலை செய்திருக்கிறார்கள். அதிலிருந்து ஐடிலிங்கிலேயே கார்புரேட்டரில் சீராகத் துப்பிக்கொண்டிருந்தது. "திரும்பிப் போகும்போது பாதி வழியில் நின்றுவிட்டால் குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று அந்த அம்மாவுக்குக் கவலை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் கட்டைவிரலை அழுத்தி, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தோம். மூன்று ஓட்டைகளில் விரலைத் தள்ளியது. ஒன்றில் தள்ளவில்லை. வால்வு மூடியைத் திறந்தால், அந்தச் சிலிண்டரின் உள்வால்வு டேப்பட்டுக்கு இடைவெளியே விடாமல் இறுக்கியிருந்தார்கள். இன்ஜின் சூடானால் வால்வின் தண்டு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு எப்போதும் இம்மியளவு திறந்தே நிற்கும். எரியும்போது நெருப்பு அந்த இடுக்கு வழியே கார்புரேட்டருக்கு வரும். அரை மணி நேர வேலை. அப்படியே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் வால்வு கருகி, ஹெட்டை மறுபடி கழற்ற வேண்டியிருந்திருக்கும்.

டேப்பட் சத்தம் போட்டால் எல்லோருக்கும் எரிச்சல். "டேப்பட்டை டைட் பண்ணு" என்பார்கள். சத்தம் போடுகிற டேப்பட்டால் வால்வு கருகாது, சத்தமே இல்லாத டேப்பட்டால்தான் கருகும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டைமிங் செயின் தளர்ந்து ஒரு பல் தாண்டியிருந்தாலும், வால்வு ஸ்பிரிங் பலவீனமாகியிருந்தாலும் இதே மாதிரி வெடி வரும். அவை அபூர்வம்.

மூன்றாவதாகத்தான் பெட்ரோலும் காற்றும். இங்கேயும் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. காசே வேண்டாத சோதனை. வண்டி வெடித்துக்கொண்டிருக்கும்போது சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். சோக் இழுத்தால் கலவையில் பெட்ரோல் கூடும். அப்போது வெடி நின்றால், பெட்ரோல் பற்றாக்குறைதான் காரணம். சோக் இழுத்தும் நிற்காவிட்டால், தீப்பொறிக்கும் வால்வுக்கும் திரும்பிப் போங்கள்.

பெட்ரோல் ஏன் பற்றவில்லை? கார்புரேட்டருக்கு வெளியே இருக்கிற காரணங்களை முதலில் பாருங்கள். டாங்க் மூடியில் காற்று போகிற சின்ன ஓட்டை அடைத்திருந்தால், கொஞ்ச தூரம் ஓடியதும் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது. மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான். பிறகு பைப்பில் தூசி, ஃபில்டர், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம். பிறகு மேனிஃபோல்டு பேக்கிங். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு பேக்கிங் கிழிந்தால், கார்புரேட்டர் அளந்து கொடுத்த கலவையில் அளவில்லாத காற்று சேர்ந்துவிடும். சோப்புத் தண்ணீரைப் பேக்கிங் ஓரத்தில் தெளியுங்கள். தெளித்த இடத்தில் நீர் உள்ளே இழுக்கப்பட்டு, இன்ஜின் ஓட்டம் மாறினால் ஓட்டை அங்கேதான். சிலர் இதே சோதனையைப் பெட்ரோலைத் தெளித்துச் செய்கிறார்கள். ஏற்கெனவே தீ துப்புகிற இன்ஜின் மேல் பெட்ரோல் தெளிப்பதை என்னவென்று சொல்வது!

இத்தனையும் பார்த்த பிறகு மிச்சம் இருப்பது கார்புரேட்டர். அதையும் நியாயமாக விசாரிக்க வேண்டும். ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் மட்டம் குறைவா, ஜெட்டில் தூசியா என்று பார்க்கலாம். பழைய அம்பாசிடர்கள் பலவற்றில் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டரில் இன்னொரு விஷயம் உண்டு. எஸ்.யூ. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயச் சகோதரர்கள் கண்டுபிடித்தது. அதன் தலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். கழற்றினால் ஒரு கம்பியோடு வரும். அதற்குள் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் உள்ளே இருக்கிற பிஸ்டன் ஒரேயடியாக எழும்பிவிடாமல் நிதானமாக எழும்ப வைப்பது அந்த எண்ணெய்தான். எண்ணெய் இல்லாவிட்டால் பிஸ்டன் குதித்துவிடும், காற்று ஒரேயடியாகப் புகும், மிதித்தவுடன் ஒரு 'டப்'. இரண்டு ஸ்பூன் எண்ணெயில் தீர்கிற கோளாறுக்குக் கார்புரேட்டரையே மாற்றிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சு வகையான சோலெக்ஸ் கார்புரேட்டரில் இந்த வேலையை ஆக்சிலேட்டர் பம்ப் செய்யும். அதன் டயாஃப்ரம் கிழிந்தால் இதே நோய்.

இதில் இப்போது ஒரு புதுச் சங்கதி சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க வேண்டும் என்ற இலக்கை முதலில் 2030க்கு வைத்திருந்தார்கள், 2025லேயே எட்டிவிட்டார்கள். கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடுகிறவர்களுக்கு இதில் பலன் இருக்கலாம், அந்நியச் செலாவணியும் மிச்சமாகலாம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்குச் சுமார் 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தால் ஏறக்குறைய பதின்மூன்றரை கிலோ. கார்புரேட்டர் பழைய கணக்கிலேயே காற்றைக் கொடுப்பதால், அதன் பார்வையில் நேற்று சரியாக இருந்த கலவை இன்று பெட்ரோல் குறைந்த கலவை. ஏற்கெனவே விளிம்பில் ஓடிய வண்டி இப்போது தும்ம ஆரம்பிக்கும். எஸ்.யூ. கார்புரேட்டர் என்றால் அடியில் இருக்கிற ஆறு பட்டை நட்டை ஒவ்வொரு பட்டையாகக் கீழே இறக்கிப் பார்க்கலாம். சோலெக்ஸ் என்றால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டும். பழைய ரப்பர் பைப்பும் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறிக் கெட்டுப்போகும். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டியில் டாங்கைக் காலி செய்து வைப்பது நல்லது. இதையெல்லாம் பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது எண்ணெய் நிறுவனங்களின் கடமை என்பது என் கருத்து. பங்க்கில் ஒரு பலகை வைத்தால்கூடப் போதும்.

ஒரு எச்சரிக்கை. கார்புரேட்டர் வெடி என்பது வெறும் சத்தம் அல்ல, நெருப்பு. ஸ்டார்ட் ஆகாத வண்டியில் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி, ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் குனிந்து எட்டிப் பார்ப்பார். நம்மூர்ப் பட்டறைகளில் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு பையனுக்குப் புருவமும் முன் முடியும் பொசுங்கியதையும் பார்த்திருக்கிறேன். கண் தப்பியது அவன் அதிர்ஷ்டம். ஏர் ஃபில்டர் தூசியை மட்டும் தடுப்பதில்லை, திரும்பி வருகிற நெருப்பையும் பெருமளவு தடுக்கும். அது இல்லாமல் வெடிக்கிற இன்ஜினை ஓட்டவே கூடாது. கார்புரேட்டரில் தீ பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் மிதந்து பரவும். செல்ஃபை விடாமல் அடித்தால் இன்ஜின் தீயை உள்ளே இழுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் மணல், அல்லது தூள் தீயணைப்பான். பெட்டியில் ஒரு சின்னத் தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்கிறவர்கள் இன்னும் ஒருசிலர் இருப்பார்கள். டைமிங் முன்னால் போயிருந்தால் இன்ஜின் எதிர்த்து உதைக்கும். கட்டைவிரலைப் பிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து மேல்நோக்கி இழுங்கள். நம் காலத்து டிரைவர்கள் பலருக்கு மணிக்கட்டு உடைந்தது இப்படித்தான்.

இனி, இதையெல்லாம் எழுத என்ன அவசியம் என்ற கேள்விக்கு வருகிறேன். அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. மும்பையில் கடைசிப் பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்த ஆலை எப்போதோ மூடியாகிவிட்டது. இன்றைய வண்டிகளில் கார்புரேட்டரே கிடையாது, கம்ப்யூட்டர்தான் பெட்ரோலை அளக்கிறது. "பழைய குப்பையை வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்படுகிறாய், புகைதான் மிச்சம்" என்கிறார்கள். புகை என்பது நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் புகைவது பழைய வண்டி என்பதனால் மட்டும் அல்ல, கவனிக்காத வண்டி என்பதனாலும்தான். டைமிங்கும் வால்வும் கலவையும் சரியாக வைத்த அம்பாசிடர், மூன்று கார்புரேட்டர் மாற்றியும் வெடிக்கிற அம்பாசிடரைவிடக் குறைவாகப் புகைக்கும், குறைவாகக் குடிக்கும்.

எனக்கு வண்டியைவிட முக்கியம், கோளாறு கண்டுபிடிக்கிற முறை. என்ன நேரத்தில் வெடிக்கிறது, சூட்டிலா குளிரிலா, பாரத்திலா சும்மாவா, ஒரே தாளமா ஒழுங்கில்லாமலா என்று கேட்டு, ஒவ்வொரு சோதனையிலும் ஒரு சந்தேகத்தை நீக்கிக்கொண்டே வருவது. நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர் அப்படித்தான் செய்தார். இப்போது வழக்கம் வேறு. ஒரு சாமானை மாற்றிப் பார்ப்பது, சரியாகாவிட்டால் அடுத்ததை மாற்றுவது. புது வண்டியில் கம்ப்யூட்டர் ஒரு நம்பரைக் காட்டுகிறது, அந்த நம்பருக்குரிய சென்சாரை மாற்றுகிறார்கள். அந்த சென்சார் சொல்வது வேறு எங்கோ இருக்கிற காற்றுக் கசிவாக இருக்கலாம் என்று யோசிப்பவர் குறைவு. பாயிண்டும் கார்புரேட்டரும் போனாலும், தீப்பொறி, காற்று, எரிபொருள், வால்வு என்ற நாலும் எங்கும் போகவில்லை. வயலில் ஓடுகிற பெட்ரோல் மருந்தடிப்பான்களிலும், ஜெனரேட்டர்களிலும், வீட்டில் நிற்கிற பழைய இருசக்கர வண்டிகளிலும் இன்றும் கார்புரேட்டர்தான்.

இளம் மெக்கானிக்குகளைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டே பார்க்காதவனிடம் போய் அதைச் சரிசெய் என்றால் அவன் என்ன செய்வான்? மாற்றத்தான் செய்வான். குறை, தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுக்காததில் இருக்கிறது. செஞ்சியிலும் திண்டிவனத்திலும் எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக்குகள் ஒருசிலர் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எத்தனையாவது சிலிண்டர் என்று சொல்லக்கூடியவர்கள். கண் மங்கியிருக்கலாம், காது மங்கவில்லை. நம் செஞ்சிக் கோட்டையை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததில் எனக்கும் மகிழ்ச்சி. கல்லாலான பாரம்பரியத்துக்குப் பட்டயம் கிடைத்துவிட்டது. காதிலும் கைவிரலிலும் இருக்கிற பாரம்பரியத்துக்கு யாரும் பட்டயம் கொடுக்கப் போவதில்லை. ஆள் போனால் அதுவும் கூடவே போய்விடும். பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையங்கள் மாதம் ஒரு நாள் அவர்களைக் கூப்பிட்டு, ஒரு பழைய இன்ஜினை நடுவில் வைத்து, பையன்களைச் சுற்றி உட்காரவைத்தால் பெரிய செலவு ஆகிவிடாது.

பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். வண்டியின் டாஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் எப்போது வைத்தது, டேப்பட் எப்போது பார்த்தது, பிளக் என்ன நிறம், எந்த மாதத்தில் வெடிக்க ஆரம்பித்தது, அதற்கு முன்னால் யார் என்ன வேலை செய்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். வெடி பெரும்பாலும் கடைசியாகக் கை வைத்த இடத்திலிருந்துதான் வரும். அந்த நோட்டு பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டாவது, பட்டறையில் வண்டியை விடும்போது "கார்புரேட்டரைப் பாருங்க" என்று சொல்லாதீர்கள். நாம் அப்படிச் சொன்னால் அவர்கள் கார்புரேட்டரைத்தான் பார்ப்பார்கள். எப்போது, எப்படி, எந்தத் தாளத்தில் வெடிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். முதலில் பிளக்கும் மூடியும் வயரும், பிறகு டேப்பட், பிறகு டாங்க் மூடியிலிருந்து மேனிஃபோல்டு வரை பெட்ரோலும் காற்றும் போகிற வழி, அதற்கும் பிறகு கார்புரேட்டர் என்று இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வாடகை அம்பாசிடர்க்காரர் இரண்டு கார்புரேட்டருக்குக் கொடுத்த பணத்தில் எத்தனையோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வாங்கியிருக்கலாம். எடைக்குப் போகவிருந்த அந்த வண்டி அதற்குப் பிறகும் பல அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் வந்தது.